டிராகன் தூங்கும் சந்து

விசிலக்கா கண்டக்டராக இருந்த காலத்தில் ஒருநாள் விசில் தொலைந்துபோனது. விரலை வாயில் வைத்து ஊதியே அன்றைக்குப் பொழுது சாய்கிறவரை பஸ்ஸை ஓட வைத்தாள். அன்றைக்கு வந்த பேர்தான் இது. பெற்றவர்கள் வைத்த பேரை இப்போது அவள் புருஷனே யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

கம்பெனி அந்த ரூட்டை நிறுத்தி, அவளையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்கிற ரகமா அவள்? அவள் இருந்த நகரத்தில்தான் மந்திரவாதியும் இளவரசனும் டிராகனுமாக மூன்று பாகம் வந்த ஒரு சினிமாவை எடுத்தார்கள். படக்காரர்கள் மூட்டை கட்டிப் போனதும், எடுத்த இடத்தைப் பார்க்க ஆள் வர ஆரம்பித்தது. கறுப்பு அங்கி ஒன்றைத் தைத்துக்கொண்டாள். கூட்டம் தொலைந்துவிடாமல் இருக்க மரக்கத்தி ஒன்றை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். வந்தவர்களுக்கு இடம் காட்டக் கிளம்பிவிட்டாள். வெயிலில் அங்கி எதற்கு என்று கேட்டால், நாய் வேஷம் போட்டால் குலைத்துத்தானே ஆகணும் என்பாள்.

தண்ணீர் டேங்க்தான் இருண்ட கோட்டை. காய்கறி மார்க்கெட்டில் லாரி நிற்கிற இடம் சூனியக்காரிகளின் சந்தை. பத்திரம் பதிகிற ஆபீஸின் பின்பக்கப் படிக்கட்டு அரண்மனை. "முன்னாடி நகருங்க, நடுவுல இடமிருக்கு" என்று அவள் குரல் கொடுத்தால், படிக்கட்டில் சம்பந்தமில்லாமல் நின்றவர்கள்கூட நகர்ந்துவிடுவார்கள். இத்தனைக்கும் அந்தப் படத்தை அவள் முழுசாகப் பார்த்ததே இல்லை, முதல் பாகத்திலேயே கொட்டாவி வந்துவிடும். கதை எல்லாம் புருஷன் சொன்னது. அவர் எலக்ட்ரீஷியன், ஷூட்டிங்கில் லைட்டுக்கு வயர் இழுத்தவர். அந்தப் படத்தைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

கடைசியாகக் காட்டுவது ஒரு சந்து. கருங்கல் பாவிய குறுகல் சந்து, நடுவில் சின்னதாக ஒரு பச்சைக் கதவு. இளவரசன் அதைத் திறந்துதான் வேறு உலகத்துக்குப் போகிறான். வருகிறவர்கள் எல்லாரும் அந்தக் கதவுக்காகத்தான் வருகிறார்கள், மற்றதெல்லாம் வழியில் பார்க்கிறதுதான். நிஜத்தில் கதவுக்குப் பின்னால் இருப்பது இரண்டு அறை. அங்கே தனியாக இருப்பவர் தலை நரைத்த ஒரு நர்ஸ். பெரிய ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் ராத்திரி டியூட்டி பார்ப்பவர், பகலில்தான் தூக்கம்.

ஒருநாள் கூட்டம் கதவு முன்னால் கூச்சல் போட்டுப் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது அவர் வெளியே வந்தார். கலைந்த தலை, சிவந்த கண். சண்டைதான் என்று விசிலக்கா இடுப்பில் கை வைத்துத் தயாராக நின்றாள். பஸ்ஸில் பார்க்காத சண்டையா. ஆனால் அவர் சண்டை போடவில்லை, அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அக்கா, நேத்து ராத்திரி ஒருத்தருக்கு ஊசி போடப் போனேன். மருந்துப் பேரை ரெண்டாவது தடவை படிச்சப்பதான் வேற மருந்துன்னு தெரிஞ்சுது. எனக்குத் தூக்கம் வேணும். இந்தக் கூச்சல் நிக்கலேன்னா நகராட்சியில எழுதிக் குடுத்துடுவேன்."

எழுதிக் கொடுத்தால் சந்துக்குள் யாரையும் விடமாட்டார்கள், அதோடு விசிலக்காவின் பிழைப்பும் போச்சு. அதைவிட அந்த ஊசி அவளை உறுத்தியது. மறுநாளிலிருந்து கூட்டத்திடம் சத்தம் போடாதீங்க என்று கெஞ்சிப் பார்த்தாள். ஊர் சுற்ற வந்தவர்கள் கேட்பார்களா? நாலு எட்டு அமைதியாக வைப்பார்கள், கதவைக் கண்டதும் கீச்சென்று கத்துவார்கள். கல்லில் பூட்ஸ் சத்தம் வேறு.

அந்த வாரமே ஒருநாள் சந்து முனையில் சட்டென்று திரும்பி நின்றாள். என்ன சொல்லப் போகிறோம் என்று அவளுக்கே தெரியாது. குரலைத் தாழ்த்தி, உள்ளே டிராகன் தூங்குது என்றாள். கதையில் இந்த வழியாகப் போகிறவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போவார்கள், அது முழித்துக்கொண்டால் கதவு திறக்காது என்று அடித்துவிட்டாள். அவ்வளவுதான்! கைக்குழந்தைக்காரி, தொப்பை வைத்த பெரிய மனுஷன், எல்லாரும் ஓரமாக உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார்கள். பூனை மாதிரி போனார்கள். ஒருத்தர் தும்மலைச் சந்து முடிகிறவரை அடக்கிக்கொண்டு போய் வெளியே தும்மினார். மந்திரக்கோலோடு வந்த ரசிகன் ஒருத்தன் மட்டும், மூணு பாகத்திலும் அப்படி ஒரு சீனே கிடையாது என்று சண்டைக்கு வந்தான்.

"நீங்க பாத்தது வெட்டினது போக மிச்சம்" என்றாள் விசிலக்கா. அவன் யோசித்துவிட்டுக் குனிந்து பூட்ஸ் முடிச்சை அவிழ்த்தான்.

வீட்டில்தான் வெடித்தது. அந்தச் சந்தில் லைட்டோடு நின்றவன் நான், டிராகனும் இல்லை ஒரு பல்லியும் இல்லை, முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறியா என்று புருஷன் குதித்தார். விசிலக்காவோ, பிடித்த முயலுக்கு மூணே கால் என்று நின்றாள். ரெண்டு நாள் அவள் ஏதாவது கேட்டால் டிவி சத்தத்தைக் கூட்டினார். கடைசியில் வந்து பாருய்யா என்று இழுத்துக்கொண்டு போனாள். அவரும் செருப்பைக் கையில் பிடித்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, கடைசி ஆளாக நடந்தார். பச்சைக் கதவுக்குப் பக்கத்தில் வந்தபோது உள்ளேயிருந்து மெல்லிசாகக் குறட்டை கேட்டது. அடித்துப்போட்ட மாதிரி தூங்குகிற ஒருத்தரின் குறட்டை. மனுஷன் அப்படியே நின்றுவிட்டார். சந்து முடிந்ததும் ஒரு பெண், நீங்க ஷூட்டிங்ல இருந்தீங்களாமே, டிராகன் நிஜமா என்று கேட்டாள்.

"இருந்துச்சு. மூச்சு விடுறது எனக்கே கேட்டுச்சு" என்றார்.

அதற்கப்புறம் மற்ற வழிகாட்டிகளும் அதையே சொல்ல ஆரம்பித்தார்கள், டிராகன் ஊரறிந்த உண்மையாகிவிட்டது. நகராட்சிக்கு ஒரு காகிதமும் போகவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் இப்படியே ஓடியது. பஸ்ஸையே அதிர வைத்த தொண்டையை அந்தச் சந்துக்குள் தினமும் அடக்குகிறது அவளுக்குப் பெரிய பாடு. ஆனாலும் ஒருநாள்கூட அவள் விட்டுக்கொடுக்கவில்லை.

ஒருநாள் கூட்டம் கடந்துபோகும்போது கதவு திறந்தது. தலை சீவி, முகம் கழுவி, நல்லா முழித்த கண்ணோடு நர்ஸ் நின்றார். கூட்டத்தை முன்னால் போகச் சொல்லிவிட்டு விசிலக்கா அருகே போனாள். சத்தம் கேட்டு எழுந்துவிட்டாரோ என்று அவளுக்குப் பயம். இல்லை, ரிட்டயர் ஆகி மாசக் கணக்காச்சு, இப்போதெல்லாம் ராத்திரியில்தான் தூங்குகிறேன் என்றார் அவர்.

விசிலக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சொல்லியிருக்கலாமே சிஸ்டர், இத்தனை நாளா வெறும் கல்லுல ஊரையே செருப்பில்லாம நடக்க விட்டிருக்கேனே என்று கேட்டேவிட்டாள்.

நர்ஸ் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "வேலைக்குச் சேர்ந்த நாள்லேருந்து மத்தவங்க தூங்கணும்னு நான்தான் மெதுவா நடந்திருக்கேன். எனக்காக ஒருத்தரும் நடந்ததில்லை, கட்டிக்கிட்டவரும்தான். இப்ப தினமும் கதவுக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உக்காந்திருப்பேன், நீங்க எல்லாரும் சத்தமில்லாமப் போறதைக் கேட்டுக்கிட்டு. சொன்னா நிறுத்திடுவீங்கன்னு சொல்லலை. மனசு கேக்கலை, அதான் இன்னைக்குச் சொல்லிட்டேன்."

விசிலக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அங்கியின் கையாலேயே துடைத்துக்கொண்டு சந்து முனையைத் திரும்பிப் பார்த்தாள்.

"அடுத்த கூட்டம் வர்ற நேரமாச்சு" என்றாள். "உள்ள போய்ப் படுங்க, சிஸ்டர்."