டோங்காவுக்கு விட்ட இடம்

தபால்தலை சேர்க்கிறவனை ஏமாற்ற வெளியாள் வேண்டாம், தபால்தலை சேர்க்கிற இன்னொருவன் போதும். என்னை முதலில் ஏமாற்றியவன் யூசுப். ஆல்பத்தில் ஒரு நாட்டின் பெயருக்குக் கீழே இருக்கும் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பவர்கள் உங்களிலும் இருப்பார்கள். அவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்குச் சிரிப்பு வரும்.

அடுத்த ஞாயிறு

யூசுப்பும் நானும் ஜூரோங் கப்பல் பட்டறையில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் லிட்டில் இந்தியாவில் ஒரு காப்பிக்கடையில் உட்கார்ந்து, ஆளுக்கு இரண்டாக இருக்கும் தபால்தலைகளை மாற்றிக்கொள்வோம். உலகத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒன்றாவது வேண்டும், அதுதான் எங்கள் ஆசை.

அவனிடம் மங்கோலியா இல்லை. என்னிடம் டோங்கா இல்லை. டோங்கா பசிபிக் கடலில் ஒரு சின்னத் தீவு நாடு; வாழைப்பழ வடிவத்தில்கூடத் தபால்தலை போட்டிருக்கிறது. அதில் அவனிடம் இரண்டு இருந்தன. நான் முக்கோண மங்கோலியாவை அன்றைக்கே கொடுத்துவிட்டேன். அவன் டோங்காவை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தான். அந்த வாரமே ஊரின் வடகோடியில், உட்லண்ட்ஸில் இருக்கும் மகன் வீட்டோடு போய்விட்டான். பிறகு காப்பிக்கடைப் பக்கம் வரவேயில்லை. அன்று எழுந்து போகும்போது சொன்னான்: "அடுத்த ஞாயிறு கொண்டு வர்றேன் மாணிக்கம், நீ எங்க ஓடிடப் போறே?"

பசை

ஆங் மோ கியோவில் நான் தனியாக இருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெண் பிரியாவுக்கு நார்வேயிலிருந்து தோழி வாழ்த்து அட்டை அனுப்பியிருந்தாள். உறையைப் பிரியா எனக்குக் கொடுத்தாள். வழக்கம்போல தபால்தலை ஒட்டிய மூலையை வெட்டித் தண்ணீரில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் தானாகக் கழன்று மிதக்க வேண்டும். மறுநாளும் கழலவில்லை. உரித்துப் பார்த்தேன், பாதி கிழிந்தது. ஊர் உலகத்துத் தபால்காரர்கள் எல்லாரும் பசையை மாற்றிவிட்டார்கள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிரியாவிடம் காட்டினேன்.

"அங்கிள், இப்பல்லாம் ஸ்டிக்கர் லா. தண்ணியில போட்டா குளிச்சிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கும்."

கடிதம் கேட்கப் போனது

ஞாயிறு மாலை லிட்டில் இந்தியாவில் புல்தரையில் உட்கார்ந்திருந்த ஒரு தம்பியிடம் பேச்சுக் கொடுத்தேன். புதுக்கோட்டைப் பையன், கட்டுமான வேலை. அண்ணன் ஓமானில் இருப்பதாகச் சொன்னான். கடிதம் வருமா, உறை இருந்தால் கொடுப்பாயா என்று கேட்டேன். "லெட்டரா? எல்லாம் இதுலதாண்ணே" என்று கையிலிருந்த போனை என் பக்கம் திருப்பினான். அதில் அவன் அம்மா இருந்தார். அந்த வாரம் என்னிடம் யாரும் பேசியிருக்கவில்லை. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு வணக்கம் சொன்னேன்.

அந்த அம்மா கேட்டார்: "ஐயா, நீங்கதான் இவனோட முதலாளியா? தீபாவளிக்காவது இவனை ஊருக்கு அனுப்பி வைங்கய்யா."

கடையில் கிடைத்தது

பழைய கடைத்தொகுதி ஒன்றில் சீனர் ஒருவர் தபால்தலைக் கடை வைத்திருக்கிறார். நாங்கள் மலாயில் பேசிக்கொள்வோம். போன மாதம் அவருடைய தட்டில் டோங்கா கிடந்தது. அதே வாழைப்பழம். ஒரு தட்டு கோழிச்சோற்றின் விலைதான். எடுத்தேன், பார்த்தேன், திரும்ப வைத்தேன். எனக்கு ஒன்று வந்துகொண்டிருக்கிறது என்றேன். டோங்காவிலிருந்தா என்று கேட்டார். இல்லை, உட்லண்ட்ஸிலிருந்து, கூட்டாளி கொண்டுவருவான் என்றேன். எவ்வளவு நாளாக என்று கேட்டார். சொன்னேன்.

"டோங்காவிலிருந்தே இந்நேரம் நடந்து வந்திருக்கலாம் அங்கிள்."

பெருநாள் வாழ்த்து

நோன்புப் பெருநாளன்று யூசுப்புக்குப் போன் செய்தேன். வாழ்த்துச் சொல்லவும், டோங்காவை நினைவுபடுத்தவும். முட்டி போய்விட்டது, கீழே இறங்குவதே இல்லை என்றான். முட்டி எனக்கும்தான் வலிக்கிறது. பிரியாணி இருக்கிறது, வந்து சாப்பிட்டுவிட்டு டோங்காவை எடுத்துக்கொண்டு போ என்றான். மங்கோலியாவை நான் கையில் கொண்டுவந்து கொடுத்தேன், நீயும் கையில் கொண்டுவந்து கொடு என்றேன். அப்படியானால் தபாலில் அனுப்பட்டுமா என்றான். வேண்டாம் என்றேன். இருவரும் போனை வைக்கவில்லை.

பிறகு அவன் சொன்னான்: "தபால்தலையைத் தபால்ல அனுப்பாதேங்கிற ஆளு உலகத்துலயே நீ ஒருத்தன்தான்டா."

ஆங் மோ கியோவுக்கும் உட்லண்ட்ஸுக்கும் ஒரே ரயில்தான், நடுவில் மாறக்கூட வேண்டாம், ஆனால் அதில் ஏற வேண்டியவன் கொடுக்க வேண்டியவன்தான்.