சென்னை நிலையம் மட்டும்

யுத்த காலத்தில் நான் அரூரில் பஞ்சாயத்து போர்டு குமாஸ்தா. ஊருக்குப் பொதுவாக ஒரே ஒரு ரேடியோப் பெட்டி எங்கள் ஆபீஸ் ஜன்னலோரம் இருந்தது. சாயங்காலச் செய்திக்கு அதைத் திருப்பி வைப்பது என் பொறுப்பு. சிங்கப்பூர் ஜப்பான்காரன் கையில் விழுந்த பிறகு உத்தரவு வந்தது: சென்னை நிலையத்தைத் தவிர வேறு எதையும் வைக்கக் கூடாது, எதிரி ரேடியோவை நாலு பேர் கேட்கும்படி வைத்தால் ஜெயில். படித்துக் கையெழுத்துப் போட்டேன். அது தப்பென்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை.

சித்தேரி மலையடியிலிருந்து சந்தைக்குப் புளி கொண்டுவரும் அம்மாள் ஒருத்தி. ஒரே மகன் பட்டாளத்தில் சேர்ந்து மலேயாவுக்குப் போனவன். கடிதம் நின்று பல மாதமாகியிருந்தது. ஒரு சந்தை நாளில் ஜன்னலருகே வந்து நின்றாள்.

"ஏனுங்க, புடிச்சு வெச்சிருக்கற நம்ம பசங்க பேரெல்லாம் சிங்கப்பூர் ரேடியோவுல படிக்கறாங்களாமா. ஒருக்கா அதத் திருப்பி வையுங்க. எம்மவன் பேரு வருதான்னு பாத்துக்கறன்."

"அதெல்லாம் வெளிய பேசாதீங்கம்மா. உங்களையும் புடிப்பாங்க, என்னையும் புடிப்பாங்க."

"எம் புள்ள பேர நான் கேக்கறது குத்தமுங்களா?"

"உத்தரவும்மா," என்றேன்.

அப்புறம் அவள் கேட்கவில்லை. ஆனால் சந்தை தோறும் வந்து, செய்தி முடியும்வரை ஜன்னலடியில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள். நம் படைகள் முன்னேறுவதாகத்தான் தினமும் செய்தி.

ஒரு மத்தியானம் ஆபீஸில் யாருமில்லை. கதவைச் சாத்திவிட்டு ரேடியோ முள்ளை நகர்த்தினேன். கரகரப்புக்கு நடுவே தமிழில் யாரோ பேசுவது கேட்டது. வராந்தாவில் செருப்புச் சத்தம். சட்டென்று அணைத்துவிட்டேன். வந்தவர் எங்கள் பியூன்தான். ஆனாலும் அதன் பிறகு முள்ளைத் தொட எனக்குத் துணிவு வரவில்லை.

யுத்தம் முடிவதற்கு முந்தின வருஷம் அந்த அம்மாள் காய்ச்சலில் போய்விட்டாள். மகன் செத்திருப்பான் என்றே நம்பிப் போனதாகச் சந்தையில் சொன்னார்கள்.

யுத்தம் முடிந்து அவன் திரும்பி வந்தான். எலும்பும் தோலுமாக, ஏதோ காகிதத்தில் முத்திரை வாங்க ஆபீசுக்கு வந்தவன் ரேடியோவைப் பார்த்து நின்றான்.

"கேம்ப்புல ஒரு நாளு எங்கள ரேடியோவுல பேச வுட்டாங்க. எங்கம்மா பேரு, ஊரு சொல்லி, நான் நல்லா இருக்கறன்னு சொன்னனுங்க. இங்க யாராச்சும் கேட்டாங்களா?"

"இல்லப்பா. இந்தப் பெட்டியில சென்னை மட்டுந்தான் எடுக்கும்."

"ஆமாங்க, அவ்ளோ தூரம் எங்க எடுக்கப் போகுது," என்று அவனே எனக்குச் சமாதானம் சொன்னான்.

முத்திரை குத்திக் கொடுத்தேன். உன் அம்மா அதைத்தான் கேட்டாள், நான்தான் மறுத்தேன் என்று சொல்லியிருக்கலாம். அன்றைக்கு என் வாயை அடைக்க எந்த உத்தரவும் இல்லை. அவன் காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனான்.