கண்ணாடிச் செருப்பும் கரிசல் சேறும்

நான் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர். வீடு கோவில்பட்டியில், வேலை எப்போதும்வென்றான் என்கிற ஊர்ப் பக்கம். காலையில் எட்டயபுரம் வழியாகப் போகும் பேருந்தில் ஏறினால் வழிநெடுகப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறிக்கொண்டே இருப்பார்கள். ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்புப் பெண்கள் ஒரு கூட்டம் எப்போதும் என் இருக்கையைச் சுற்றித்தான் நிற்கும். நிற்பவர்களின் பைகளெல்லாம் என் மடிக்கு வந்துவிடும். பைகளோடு அவர்களுடைய வம்பு வழக்குகளும் வந்துசேரும்.

அந்தக் கூட்டத்தில் ஒருத்தி இருந்தாள். எண்ணெய் மினுங்கும் இரட்டைச் சடை. எதைச் சொன்னாலும் எதிர்க்கேள்வி கேட்கும் வாய். ஒருநாள் பள்ளி நூலகத்தில் எடுத்த கதைப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு பொருமிக்கொண்டிருந்தாள். நூறு வருடம் தூங்கிய ராஜகுமாரியை ஓர் இளவரசன் வந்து முத்தமிட்டு எழுப்புகிற கதை.

“யக்கா, நூறு வருசமா பல்லு தேய்க்காதவ. அவளுக்குப் போயி முத்தம் குடுத்தானாம். மயங்கி விழவேண்டியது அவன்லா?”

பின்பக்கம் முழுக்கச் சிரிப்பு. நடத்துநர் திரும்பிப் பார்த்து முறைத்தார். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

“சிரிக்காதீங்கட்டி. தூங்குத பிள்ளைய கேக்காம கொள்ளாம தொட்டிருக்கான். நம்ம ஊர்ல ஒருத்தன் இப்படிச் செஞ்சா விட்ருவாகளா? இதைப் போயி நல்ல கதைன்னு குடுத்திருக்காக.”

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அந்தக் கதையை என் போக்கில் எழுதிப் பார்த்தேன். என் ராஜகுமாரி கண் விழித்ததும் கேட்கிற முதல் கேள்வி, “யாரைக் கேட்டு உள்ள வந்தீரு?” இளவரசன் திருதிருவென்று விழிக்கிறான். அதற்குப் பிறகுதான் அவளுக்குப் பெரிய தொல்லையே. நூறு வருடம் ஆளைக் காணோம் என்று ரேஷன் கார்டில் பெயரை அடித்துவிட்டார்கள். உயிரோடு இருப்பதற்குச் சான்று வாங்க அவள் தாலுகா அலுவலகத்துக்கு நடையாய் நடக்கிறாள். இளவரசன் நகல் எடுத்துக்கொடுக்கக் கூடவே ஓடுகிறான்.

மறுநாள் பேருந்தில் வாசித்தேன். பிள்ளைகள் என்னை முடிக்க விடவில்லை. ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். “அந்தச் சூனியக்காரிக்கு முதியோர் உதவித்தொகை வருதாக்கா?” என்று ஒருத்தி கேட்டாள். அதையும் சேர்த்துக்கொண்டேன். அதன்பின் அதுவே பழக்கமாகிவிட்டது. நான் எழுதிக்கொண்டு போவேன், அவர்கள் பிய்த்துப் போடுவார்கள், மறுபடி எழுதுவேன். பதினான்கு பதினைந்து வயதுப் பிள்ளைகளைச் சிரிக்க வைப்பது லேசான காரியம் இல்லை. சிரிப்பு வராவிட்டால் ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவார்கள். மரியாதைக்குக்கூடச் சிரிக்க மாட்டார்கள்.

அப்படி எழுதியவற்றில் அவர்களுக்கு மிகவும் பிடித்தது கண்ணாடிச் செருப்புக் கதை. ஐப்பசி மழையில் இளவரசன் ஒற்றைச் செருப்பைப் பட்டுத் துணியில் சுற்றிக்கொண்டு கரிசல் காட்டு ஊருக்கு வருகிறான். கரிசலில் மழை பெய்தால் எங்கள் பக்கம் யாரும் செருப்பைக் காலில் போடமாட்டார்கள், கையில்தான் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். சேறு அப்பி அப்பி ஒவ்வொரு காலும் ஒரு செங்கல் கனம் கனக்கும். இளவரசனின் ரதம் அச்சு வரை புதைந்துபோக, ஊரே சேர்ந்து தள்ளுகிறது. இந்தச் செருப்பு யார் காலுக்குப் பொருந்துகிறதோ அவளைக் கட்டிக்கொள்வேன் என்று அவன் அறிவிக்கிறான். கதாநாயகி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கேட்கிறாள்:

“ராத்திரி பூரா கூட ஆடுனீரே, மூஞ்சி ஞாபகம் இல்லையா? காலு மட்டுந்தான் தெரிஞ்சுதா?”

இந்த வரி இரட்டைச் சடைக்காரி சொன்னது. எனக்குத் தோன்றவே இல்லை. செருப்பு அவளுக்குப் பொருந்துகிறது. “என்னோடதுதான், குடுத்துட்டுப் போரும்” என்று வாங்கிக்கொள்கிறாள். கல்யாணம் என்று அவன் இழுக்கிறான். “இன்னும் என் பேரையே நீரு கேக்கல” என்று சொல்லிவிட்டு, மறுநாள் பரீட்சை இருப்பதால் பேருந்தைப் பிடிக்க ஓடுகிறாள். இளவரசன் வெறுங்காலோடு சேற்றில் அவள் பின்னால் பெயர் கேட்டுக்கொண்டே போகிறான். அதோடு கதை முடிகிறது. பிறகு என்ன ஆயிற்று என்று நான் எழுதவில்லை. எழுதக்கூடாது என்று பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள்.

இந்தக் கதைகளில் இரண்டு ஒரு சிறு பத்திரிகையில் வந்தன. அதைப் பார்த்துவிட்டுச் சென்னையிலிருந்து ஒரு பதிப்பகத்தின் பதிப்பாசிரியர் தொலைபேசியில் பேசினார். பதின்பருவத்தினருக்காக நகைச்சுவைக் கதை வரிசை ஒன்று கொண்டுவருகிறார்களாம். எல்லாக் கதைகளையும் அனுப்பினேன். பேருந்துப் பிள்ளைகளுக்கு நன்றி சொல்லி ஒரு முன்னுரையும் எழுதினேன். கொஞ்ச நாள் கழித்து அவர் மறுபடி அழைத்தார்.

“மேடம், ரொம்ப நல்லா இருக்கு. சின்னச் சின்ன திருத்தம்தான். ஒவ்வொரு கதையிலும் ஒரு நல்ல கருத்து வரணும்.”

“சிரிக்கிறதுக்குத்தானே கேட்டீங்க?”

“சிரிக்கட்டும். ஆனா புத்தகத்தை வாங்குறது பெற்றோர்கள் இல்லையா? பொண்ணு இளவரசனை இப்படி எதிர்த்துப் பேசினா அவங்களுக்குப் பிடிக்காது. அப்புறம் இந்த வட்டார வழக்கு. ஏட்டி, கீட்டி எல்லாம் கொஞ்சம் கொச்சையா இருக்கு.”

எனக்கு அப்போதே சுர்ரென்று ஏறியது. என் அம்மா என்னைக் கூப்பிட்ட சொல், நான் என் மகளைக் கூப்பிடுகிற சொல், அவருக்குக் கொச்சை. ஒன்றையும் மாற்றக்கூடாது, மாற்றினால் புத்தகமே வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னேன். “சரி மேடம், உங்க விருப்பம்” என்றார். அந்தச் சொல்லை நம்பினேன்.

புத்தகப் பார்சல் வந்த அன்று என் கணவர்தான் பிரித்தார். அவர் உரக்கடை வைத்திருக்கிறார். எதையும் நிதானமாகப் பார்ப்பவர். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொன்னிற முடி, நீலக் கண், பால் நிறத்தில் ஒரு பெண் பளிங்குப் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தாள்.

“இந்தப் பிள்ளை யாரு?”

“என் கதையில வாரவ போலிருக்கு.”

“நம்ம ஊரு வெயிலுக்கு ஒருநா தாங்குமா இது?” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உள்ளே புரட்டினேன். என் முன்னுரை இல்லை. அந்த இடத்தில் பதிப்பகத்தார் இளைய தலைமுறையின் ஒழுக்கம் பற்றி எழுதியிருந்தார்கள். பேச்செல்லாம் செய்தி வாசிப்பது போல மாறியிருந்தது. “தங்கள் நினைவில் என் முகம் இல்லையா, இளவரசே?” என்று கேட்டாள் என் கதாநாயகி. கடைசிப் பக்கத்தில் அவள் தன் துடுக்குத்தனத்துக்காகக் கண்ணீர் விட்டு மன்னிப்புக் கேட்டு, கொடுமைக்காரச் சித்தியின் காலில் விழுந்து, இளவரசனை மணந்துகொண்டாள். அதன் கீழே ஒரு கட்டம்: ‘இக்கதையிலிருந்து நாம் அறிவது: பொறுமை காத்தால் நல்ல வரன் அமையும்.’ தூங்கிய ராஜகுமாரியின் கதைக்கும் ஒரு கட்டம் இருந்தது: ‘அதிகத் தூக்கம் உடலுக்குத் தீங்கு.’

இதற்கெல்லாம் மேலே என் பெயர்.

உடனே பதிப்பாசிரியரை அழைத்தேன். அவர் எடுக்கவில்லை. வெளியூரில் இருப்பதாகக் குறுஞ்செய்தி மட்டும் வந்தது.

மறுநாள் புத்தகத்தைப் பையில் வைத்திருந்தேன், பிள்ளைகளிடம் காட்டுவதாக இல்லை. ஆனால் புத்தகம் எப்போது வரும் என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்கள். பை என் மடியில் இருக்கும்போதே ஒருத்தி உருவி எடுத்துவிட்டாள். இரட்டைச் சடைக்காரி சத்தமாக வாசிக்கத் தொடங்கினாள். முதல் பக்கத்தில் சிரித்தார்கள், ஏதோ வேடிக்கைக்காக அப்படி எழுதியிருக்கிறது என்று நினைத்து. பிறகு சிரிப்பு நின்றது. கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் அவள் குரல் இறங்கிவிட்டது. புத்தகத்தை மூடி என் மடியில் வைத்தாள்.

“பயந்துட்டீயளாக்கா?”

“நான் எழுதல. அவிய மாத்திட்டாக.”

“உங்க பேருதானே போட்டிருக்கு?”

என் சொல்லைத் திருடியதுகூடப் பெரிதில்லை. அவள் சொன்ன வரியை எடுத்துக் கழுவித் துடைத்து, அவளைப் போன்ற ஒருத்தியை அழ வைத்து, அதை அவள் கையிலேயே கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளை என்னை ஒரு கோழையைப் பார்ப்பது போலப் பார்த்தாள். பள்ளி நிறுத்தம் வந்ததும் என் மடியிலிருந்த பைகளை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்கள்.

மதியம் மருந்து வாங்கும் வரிசை ஓய்ந்ததும் மறுபடி அழைத்தேன். இந்த முறை எடுத்தார்.

“கடைசிப் பக்கம் மட்டும்தானே மேடம், இதுக்கா இவ்வளவு கோபம்?”

“கடைசிப் பக்கம்தான் கதையே.”

“பிரிண்ட் ஆயிடுச்சு. அடுத்த பதிப்புல பார்த்துக்கலாம். உங்க ஊர்லயே அறிமுகக் கூட்டம் வச்சிருக்கோம், வந்துடுங்க. மாலை எல்லாம் ஏற்பாடு பண்ணியாச்சு.”

மாலையைப் பற்றிச் சொன்னபோது அவர் குரலில் இருந்த தாராளத்தை இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

போகக் கூடாது என்றுதான் இருந்தேன். என் கணவர்தான், “நீ போகலன்னா அவிய எழுதுனதே நெசமாயிரும்” என்றார். ஞாயிற்றுக்கிழமை, ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய மண்டபம். ஆசிரியர்கள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்த பெற்றோர்கள் என்று ஓரளவு கூட்டம். பேருந்துப் பிள்ளைகளில் சிலரும் தங்கள் அம்மாக்களோடு பின்வரிசையில் இருந்தார்கள். நான் கூப்பிடவில்லை, சுவரொட்டி பார்த்து வந்திருக்கிறார்கள். இரட்டைச் சடைக்காரி கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிறப்பு விருந்தினர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். நல்ல மனிதர், கையில் கொடுத்ததை வாசித்தார். “பொறுமை காத்தால் நல்ல வரன் அமையும் என்று எத்தனை அழகாகச் சொல்லியிருக்கிறார் நம் ஊர்ச் சகோதரி!” என்றார். கைதட்டினார்கள். அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை. என் முறை வருவதற்கு முன்பே எழுந்து போய் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டேன்.

“ஐயா மன்னிக்கணும். அந்த வரியை நான் எழுதவே இல்லை. இந்தக் கடைசிப் பக்கமும் என்னது இல்லை. வேண்டாம்னு நான் சொன்னதுக்கு அப்புறமும் இதை மாத்தி, மேல என் பேரைப் போட்டிருக்காங்க. நான் எழுதுன முடிவை இப்ப சொல்லுதேன்.”

சொன்னேன். பேருந்தில் சொல்வது போலவே, ஏட்டியும் ஏலேயுமாக. ரதம் சேற்றில் புதைந்த இடத்திலேயே சிரிப்பு தொடங்கிவிட்டது. “காலு மட்டுந்தான் தெரிஞ்சுதா?” என்றதும் பெண்கள் பக்கம் அதிர்ந்தது. பதிப்பாசிரியர் மேடையில் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். முடித்ததும் முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். நல்ல வெள்ளை வேட்டி. கடை வைத்திருப்பவர் என்று பார்த்தாலே தெரிந்தது. பக்கத்தில் அவருடைய மகள்.

“ஏம்மா, கல்யாணம் வேண்டாம்னு பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்குதீயளா?”

“அவ கல்யாணம் வேண்டாம்னு சொல்லல அண்ணாச்சி. பேரைக் கேக்காம காலை அளந்து கூட்டிட்டுப் போக வந்தவன்கிட்ட, முதல்ல பேரைக் கேளும்னா. உங்க மகளைப் பொண்ணு பாக்க வாரவன் பேரைக்கூடக் கேக்கலன்னா குடுப்பீயளா?”

அவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார். அவரோடு இன்னும் சிலரும் போனார்கள். அந்தப் பெண் வாசலில் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள். மாலை மேசையில் அப்படியே கிடந்தது.

வெளியே பதிப்பாசிரியர் என்னை மடக்கினார். “சபையில அவமானப்படுத்திட்டீங்களே மேடம்.”

“நீங்க என்னை அச்சடிச்சே அவமானப்படுத்துனீங்க. நான் வாயாலதான சொன்னேன்?”

பல நாள் பேச்சுவார்த்தைக்குப் பிறகு அவர் சொன்ன தீர்வு இன்னும் ஆத்திரமூட்டியது. மீதமுள்ள பிரதிகளில் அந்தக் கட்டங்களின் மேல் பூப்படம் போட்ட தாளை ஒட்டிக்கொடுக்கிறாராம். மன்னிப்பும் கண்ணீரும் அப்படியே இருக்குமாம். முடியாது என்றேன். கடைசியில் ஒரு வழக்கறிஞர் வழியாகக் கதைகளை மீட்டேன். அவர்கள் அச்சடிப்பதை நிறுத்தினார்கள். ஏற்கெனவே போன பிரதிகளை யாராலும் திருப்பி வாங்க முடியவில்லை.

என் கதைகளை என் பேச்சிலேயே, கோவில்பட்டியில் ஓர் அச்சகத்தில் புத்தகமாகப் போட்டேன். அட்டையில் படமே இல்லை. முன்னுரையில் பிள்ளைகளுக்கு நன்றி இருக்கிறது. இரட்டைச் சடைக்காரிக்குப் பேருந்தில் கொடுத்தபோது முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் திறந்தாள். வாசித்துவிட்டு, “இப்ப சரியா இருக்கு. ஆனா அந்தத் தவளை இளவரசன் கதை சுமார்தான்க்கா” என்றாள். அந்த நிமிடம் மட்டும் எனக்கு மனம் லேசாயிற்று.

ஆனாலும் போன மாதம் ஒரு பள்ளி மாணவியின் அம்மா என்னை அழைத்தார். மகளுக்குக் கட்டுரைப் போட்டியில் பரிசாக என் புத்தகம் கிடைத்ததாம். அட்டையில் இருக்கும் பெண் அவ்வளவு அழகாம். நான் அவருடைய முகவரியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அன்றைக்கே நானே அச்சிட்ட புத்தகத்தைத் தபாலில் அனுப்பினேன். அந்தப் பள்ளியின் தலைமையாசிரியருக்கும் ஒன்று அனுப்பி, பரிசு அலமாரியில் இருக்கும் சென்னைப் பதிப்பின் மற்றப் பிரதிகளை எடுத்துவிடும்படி கேட்டிருக்கிறேன். இதுவரை பதில் இல்லை. விடுமுறை முடிந்ததும் நேரிலேயே போகப் போகிறேன்.