தண்டவாளத்தில் ஒரு முழம்

டிராம் தண்டவாளத்தைக் கண்டாலே எனக்குக் குலை நடுங்கும். மயிலாப்பூர் லஸ் முனை வளைவை நினைத்தால் இன்றும் கை தானாகச் சைக்கிள் பிரேக்கைத் தேடுகிறது. மற்ற இடங்களில் தண்டவாளத்தை நேர்குறுக்காகக் கடந்துவிடலாம். அங்கே ஒரு பக்கம் மாட்டுவண்டிகள், மறுபக்கம் குதிரை ஜட்காக்கள். மிச்சமிருக்கும் சந்தில் சாய்வாகத்தான் கடக்க வேண்டும். தண்டவாளத்தின் பள்ளமோ சைக்கிள் சக்கரத்துக்கு அளவெடுத்துச் செய்தது மாதிரி இருக்கும். யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் கார்க்காரர்கள்கூடச் சைக்கிளுக்கு வந்திருந்தார்கள். ஆனாலும் எங்களுக்கென்று தெருவில் ஒரு முழ அகலம் ஒதுக்க யாருக்கும் தோன்றவில்லை.

ராயப்பேட்டையிலிருந்து மகளை முன்கம்பியில் உட்காரவைத்துப் புறப்படுவேன். மயிலாப்பூரில் அவளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுச் சாந்தோமில் என் ஆபீசுக்குப் போவேன். ஒரு மழைக்காலக் காலையில் அந்த வளைவில் சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. இருவரும் விழுந்தோம். பின்னால் வந்த டிராம் நாலடி தள்ளி நின்றது. குழந்தைக்கு முன்பல் பாதி உடைந்ததோடு போயிற்று. அன்றிரவே என் மனைவி பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தாள். மறுநாள் முதல் அதே பள்ளிக்கூடத்து டீச்சரான பக்கத்து வீட்டு அம்மாளோடு மகள் டிராமில் போனாள்.

நான் மட்டும் தினமும் அந்த வளைவில் செத்துப் பிழைத்தேன். ஒருநாள் பொறுக்க முடியவில்லை. ரோடு போடக் குவித்திருந்த பொடி ஜல்லியை அள்ளிவந்தேன். ஒரு டிராம் போனதும், நான் கடக்கும் இடத்தில் ஒரு முழ நீளத்துக்குப் பள்ளத்தை அடைத்து, செருப்புக்காலால் மிதித்து இறுக்கினேன். அத்தனை கனமான வண்டிக்கு இந்தக் கல் எம்மாத்திரம் என்று நினைத்தேன். அதன்மேல் சைக்கிளை விட்டுப் பார்த்தேன். சக்கரம் வழுவழுவென்று போனது. சீட்டி அடிக்காத குறைதான்.

அப்போது தூரத்தில் டிராம் மணி கேட்டது. திரும்பிப் பார்த்தேன். முதலில் தெரிந்தது அந்த இரும்புச் சக்கரம். அதன் விளிம்பு பள்ளத்தில் இறங்கி ஓடுவதால்தான் வண்டியே திரும்புகிறது என்பது அப்போதுதான் உறைத்தது. அடுத்துத் தெரிந்தது ஜன்னலில் என் மகளின் சிவப்பு ரிப்பன்.

சைக்கிளைத் தண்டவாளத்தின் குறுக்கே போட்டுவிட்டு, மண்டியிட்டு விரலால் கல்லைத் தோண்டினேன். நகம் பிய்ந்தது. மணி காதைப் பிளந்தது. கிறீச்சென்று வண்டி நின்றபோது நான் தலையைத் தூக்கவே இல்லை.

டிரைவர் குதித்து ஓடிவந்தார். "இன்னா சாமி, சக்கரம் மாட்டிக்கிச்சா? தெனம் ஒர்த்தரு இங்க உழுவறாங்க" என்று என்னைத் தூக்கிவிட்டார். பிறகு கல்லைப் பார்த்தார். "எவனோ பாவி ரொப்பி வச்சிக்கீறான். இதும்மேல ஏறியிருந்தா வண்டி பொரண்டிருக்கும்." இரும்புக் கம்பியால் அவர் சுரண்ட, நான் கல்லை அள்ளி ஓரத்தில் போட்டேன். நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. வண்டியில் இருந்தவர்கள், என் மகள் உட்பட, என்னைப் பார்த்து இரக்கப்பட்டார்கள். அதைத் தாங்கத்தான் முடியவில்லை.

சாயந்திரம் மகள் என் விரலில் சுற்றியிருந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, நாளைலேர்ந்து நான் உன்னோட சைக்கிள்லயே வரேன். நீ விழுந்தா தூக்கிவிட யாருமே இல்லையே."

வேண்டாமென்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அழுது அடம்பிடித்து அம்மாவையும் சம்மதிக்க வைத்துவிட்டாள். மறுநாள் லஸ் முனைக்கு வெகு தூரம் முன்னாலேயே இறங்கி, அவளை உட்காரவைத்தபடியே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். பின்னால் வந்தவர்கள் பெல்லை அடித்துத் தீர்த்தார்கள்.

"ஏம்பா இறங்கிட்டே?"

"பயமா இருக்கும்மா."

அவள் ஹாண்டில்பாரில் இருந்த என் கைமேல் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டாள். கல்லை அடைத்தது யாரென்று அப்போதும் நான் சொல்லவில்லை.