பெயர் சொல்லாத அக்கா

அன்புராசாவை மைக்குக்கு முன்னால் மட்டும் பார்த்தவர்கள், அவர் பிறம்ரனில் ஒரு களஞ்சியத்தில் லொறிகளை நேரம் பார்த்து அனுப்புகிறவர் என்று சொன்னால் நம்பமாட்டார்கள். வீடு பிக்கரிங்கில், வேலை பிறம்ரனில். நகரத்தின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்கு நெடுஞ்சாலையில் ஊர்ந்துகொண்டு போகிற மனிதர். அந்த நெரிசலில் மற்றவர்கள் பாட்டுக் கேட்பார்கள், அல்லது முன்னால் போகிறவனைத் திட்டுவார்கள். இவர் பட்டிமன்றம் பேசிப் பழகுவார். பக்கத்துக் காரில் இருப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற கவலையெல்லாம் அவருக்குக் கிடையாது.

ஸ்காபரோவில் எங்கள் சங்கங்கள் நடத்துகிற விழா எதுவென்றாலும் பட்டிமன்றம் இருக்கும், பட்டிமன்றம் இருந்தால் அன்புராசா இருப்பார். எந்தப் பக்கம் பேசுவது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் தீர்மானிப்பார்கள். ஒரு வருடம் பெற்றோரை முதியோர் இல்லத்தில் விடவே கூடாது என்று பேசிச் சபையை அழவைத்தார். அடுத்த வருடம் விட்டால் என்ன குறை என்று கேட்டு அதே சபையைச் சிரிக்கவைத்தார். இதெல்லாம் விளையாட்டுத்தானே என்று அவரும் நினைத்தார், நாங்களும் நினைத்தோம்.

சென்ற மாரிக் குளிரில் லண்டன் கிளையும் எங்களோடு சேர்ந்துகொண்டது. மண்டபத்தில் பெரிய திரை, திரைக்குள் லண்டன்காரர்கள். தலைப்பையும் அவர்களே தந்தார்கள்: ‘பிரித்தானியா கொடுக்கிற உதவிப்பணம் மனிதரைக் கைதூக்கி விடுகிறதா, கைகட்டி இருக்க வைக்கிறதா?’ முதியோருக்கான குளிர்கால எரிபொருள் கொடுப்பனவை அங்கே வெட்டியதும், பிறகு பலருக்குத் திருப்பிக் கொடுத்ததும் அவர்களுக்கு ஆறாத சூடு. எங்களுக்கு என்ன வந்தது? வரி கட்டுவது ஒட்டாவாவுக்கு, அடிபடுவது லண்டனுக்காக. ஆனாலும் மண்டபம் நிறைந்துவிட்டது. மத்தியானச் சாப்பாடும் இருந்தது என்பதை மறைப்பானேன்.

சீட்டில் அன்புராசாவுக்குக் கைகட்டி இருக்க வைக்கிற பக்கம் விழுந்தது. மனிதர் ஒழுங்காகப் படித்துக்கொண்டுதான் வந்திருந்தார். பிரித்தானியா எவ்வளவு வரி எடுக்கிறது, எதற்குச் செலவழிக்கிறது, எவ்வளவு கடன் படுகிறது என்று அடுக்கினார். சபை கொட்டாவி விட்டது. பின்வரிசையில் இருந்து ஒவ்வொருவராக வடைக்கும் தேத்தண்ணிக்கும் எழும்பத் தொடங்கினார்கள். அவருக்கு முன்னால் பேசிய லண்டன் பெண்ணோ, அகதியாக வந்திறங்கிய முதல் குளிரில் அந்தப் பணத்தில்தான் தனக்கு ஒரு கோட்டு வாங்கியதாகச் சொல்லிக் கைதட்டை அள்ளிக்கொண்டு போயிருந்தாள். பேச்சாளருக்கு எழும்பிப் போகிற முதுகுகளைப் பார்ப்பது போலக் கொடுமை வேறில்லை. அன்புராசா கையிலிருந்த தாளை மடித்துப் பொக்கற்றுக்குள் வைத்தார்.

“பிரித்தானியாவை விடுங்கோ, நடுவர் அவர்களே. நான் முந்தி இருந்த டோர்செட் பார்க் பில்டிங்குக்கு வாங்கோ. அங்க ஒரு அக்கா இருக்கிறா. பெயர் சொல்லமாட்டன். அரசாங்கத்துக்கு அவவின்ர முதுகு முறிஞ்சு போச்சு. குனிய ஏலாது, பெட்டி தூக்க ஏலாது, வேலைக்குப் போக ஏலாது. ஆனால் தேர்த் திருவிழாவுக்கு வந்து பாருங்கோ. ஆள் தேருக்குப் பின்னால அடிக்கு அடி விழுந்து கும்பிட்டு அடியழிக்கிறா! விழுறா, எழும்புறா. விழுறா, எழும்புறா. அரசாங்கத்துக்கு முறிஞ்ச முதுகு, முருகனுக்கு முறியேல்லை!”

மண்டபம் அதிர்ந்தது. தேத்தண்ணிக்குப் போனவர்கள் கோப்பையோடு ஓடி வந்தார்கள். திரைக்குள் லண்டனும் குலுங்கிச் சிரித்தது. நடுவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு தீர்ப்பை அன்புராசாவின் பக்கம் கொடுத்தார்.

வீட்டுக்குப் போகும்போது மகள் துவாரகா கார் ஓட்டினாள்.

“அப்பா, அது புஸ்பராணி அன்ரிதானே?”

“நான் பெயர் சொல்லேல்லையே.”

“கம் ஓன், அப்பா. எவ்ரிவன் நோஸ். அன்ரி என்னை வளர்த்தவ.”

அது உண்மை. அன்புராசாவும் மனைவியும் மாறி மாறி ஷிஃப்ற் வேலை செய்த காலத்தில், அதே மாடியில் இருந்த புஸ்பராணிதான் துவாரகாவுக்குச் சோறு தீத்தி, பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றிவிட்டவர். பின்னர் தொழிற்சாலையில் பெட்டி தூக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டது. சத்திரசிகிச்சை சரிவரவில்லை. கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை, இருந்தது அரசாங்கம் கொடுக்கிற மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவு மட்டும். அன்புராசா பிக்கரிங்குக்கு வீடு மாறிய நாளில், குனிய முடியாத அந்த முதுகோடு பால் காய்ச்ச வந்து நின்றவரும் அவர்தான். இதெல்லாம் அன்புராசாவுக்குத் தெரியாமல் இல்லை. மைக்கைப் பிடித்தபோது மட்டும் தெரியவில்லை.

பெயர் சொல்லவில்லை, பெயர் சொல்லவில்லை என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. டோர்செட் பார்க், முதுகு, அடியழிப்பு என்று எல்லாம் சொன்ன பிறகு பெயர் எதற்கு?

பேச்சின் அந்தத் துண்டை யாரோ வெட்டி வட்ஸ்அப்பில் விட்டார்கள். அவருக்கே பல பேர் அனுப்பினார்கள், சிரிக்கிற முகங்களோடு. வெள்ளிக்கிழமைகளில் கோயில் மடப்பள்ளிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு மாலை கட்டுகிற புஸ்பராணி இப்போது வருவதில்லை என்று மனைவி வந்து சொன்னார். கேட்டதும் அன்புராசாவுக்கு நான் என்ன மனிதன் என்று வெட்கமாக இருந்தது. காருக்குள் இருந்து ஒரு மன்னிப்புப் பேச்சைத் தயார் பண்ணினார். சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில் தன் குரலிலேயே போடுவது, ‘அந்த அக்கா பொய் சொல்லவில்லை, நான்தான் பொய் சொன்னேன்’ என்று முடிப்பது. சொல்லிப் பார்த்தபோது அவருக்கே கண் கலங்கியது. அவர் பேசியதிலேயே நல்ல பேச்சு அதுவாகத்தான் இருந்திருக்கும்.

போடுவதற்கு முன் புஸ்பராணியிடம் நேரில் சொல்லவேண்டும் என்று, ஒரு சனிக்கிழமை பின்னேரம் தோடம்பழமும் திராட்சையும் வாங்கிக்கொண்டு டோர்செட் பார்க்குக்குப் போனார்.

கதவு திறக்க நேரம் எடுத்தது. புஸ்பராணி ஊன்றுகோலோடு நின்றார். மருத்துவர் கைவிடச் சொல்லி, அவரும் பெருமையோடு கைவிட்டிருந்த ஊன்றுகோல் அது. வீட்டுக்குள்ளேயே அதை ஊன்றிக்கொண்டு வந்திருந்தார்.

“வாங்கோ தம்பி. இருங்கோ. முதுகு இண்டைக்குச் சரியில்லை. போன கிழமையும் ஊசி போட்டவை. உந்த மேசையில கிடக்கிறதெல்லாம் குளிசைதான். கனநேரம் நிக்க ஏலாது. குனிய ஏலாது. பாத்திரம் கழுவிறதெண்டாலும் இருந்துதான்...”

இத்தனை வருடப் பழக்கத்தில் புஸ்பராணி தன் நோவைப் பற்றி இப்படிப் பேசியதில்லை. எப்படி அக்கா என்றால் இருக்கிறன் என்பார், அவ்வளவுதான். இது அதிகாரிக்குச் சொல்கிற கதை. தன்னையும் சோதிக்க வந்தவனாக நினைத்துச் சொல்கிறார்.

“அக்கா, நான் உதுக்கு வரேல்லை. மன்னிப்புக் கேக்க வந்தனான்.”

புஸ்பராணி மெதுவாக உட்கார்ந்தார்.

“நானும் மண்டபத்துக்கு வந்தனான் தம்பி. நீங்கள் பேசிறியள் எண்டுதான் வந்தனான். எல்லாரையும் போல நானும் சிரிச்சனான். பக்கத்தில இருந்த மனுசி சிரிப்பை நிப்பாட்டிப்போட்டு என்னைத் திரும்பிப் பாத்தா. அப்பதான் அது நானெண்டு விளங்கினது.”

அன்புராசா பழப் பையைக் குளிசைகளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“நீங்கள் அண்டைக்குத் தண்ணிப் பந்தல்ல நிண்டனீங்கள், கண்டனான். நான் விழுந்து கும்பிட்டதைப் பாத்திருப்பியள். எழும்பினதைப் பாக்கேல்லை. முதல் தரமே எழும்ப ஏலாமப் போட்டுது. ரெண்டு பொம்பிளையள் பிடிச்சுத் தூக்கிக்கொண்டுபோய் இருத்தினவை. உந்த முதுகு சுகம் வரவேணும் எண்டுதான் நேர்ந்தனான்.”

பிறகு கோபமில்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்டார்:

“நீங்களும் வந்த புதுசில வெல்ஃபெயார் காசு எடுத்தனீங்கள்தானே தம்பி. உங்கட கதையைச் சொல்லியிருக்கலாமே?”

அன்புராசாவின் முதல் குளிர்க் கோட்டும் அந்தப் பணத்தில் வாங்கியதுதான். லண்டன் பெண் சொன்னபோதே அவருக்கு அது ஞாபகம் வந்தது. எதிர்ப்பக்கத்துக்கு வாய்ப்பான கதை என்று விழுங்கிவிட்டார்.

“நான் குழுவில சொல்லுறன் அக்கா. எல்லாருக்கும் கேக்க, பிழை என்னிலதான் எண்டு...”

“ஐயோ, வேண்டாம்!” ஊன்றுகோலை இறுகப் பிடித்துக்கொண்டார். “அறிஞ்ச சனம் கொஞ்சம். அந்த வீடியோ பாத்த மற்ற ஆக்களுக்கு அது ஆரெண்டு தெரியாது. நீங்கள் மன்னிப்புக் கேட்டால் ஆர் அந்த அக்கா எண்டு எல்லாரும் தேடுவினம். ஆரும் கோபத்தில அரசாங்கத்துக்கு எழுதிப்போட்டால் எனக்கு அந்தக் காசும் இல்லை. எனக்கு நல்லது செய்ய நினைச்சால் பேசாமல் இருங்கோ தம்பி. உதைப்பற்றி இனி ஒண்டும் பேசாதேங்கோ.”

“சரி அக்கா” என்றார். அதைவிட வேறு என்ன சொல்வது?

வேண்டாம் என்று மறுத்தும் கேளாமல் லிஃப்ற் வரை வழியனுப்பப் புஸ்பராணி வந்தார். வீட்டுக்கு வந்தவரை வாசலோடு அனுப்பிப் பழக்கமில்லை. அந்த நீள நடையில் ஊன்றுகோலின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அன்புராசா பக்கத்தில் நடந்தார்.

லிஃப்ற் திறந்தது. உள்ளே கஸ்பர் நின்றான். லொறி ஓட்டுகிறவன், களஞ்சியத்தில் அன்புராசாவைத் தெரியும். இந்தக் கட்டடத்துக்கு அண்மையில்தான் குடிவந்தவன். தேவாலயம் போகிறவன், கோயில் பக்கம் வந்ததில்லை.

“அன்பு அண்ணை! நீங்களோ! உங்கட வீடியோவை லண்டனில இருந்து என்ர மச்சானும் அனுப்பினவன். ‘அரசாங்கத்துக்கு முறிஞ்ச முதுகு!’ வயிறு நொந்து போச்சு அண்ணை. இந்த பில்டிங்தானே? ஆர் அண்ணை அந்த அக்கா?”

கதவு மூடாமல் இருக்கக் கஸ்பர் காலை வைத்துக்கொண்டு நின்றான். அன்புராசா திரும்பிப் பார்த்தார். புஸ்பராணி ஊன்றுகோலைச் சேலை மடிப்புக்குள் மறைத்துக்கொண்டு, நிமிர்ந்து நிற்கப் பாடுபட்டுக்கொண்டு, அந்நியருக்குக் காட்டுகிற ஒரு புன்னகையோடு நின்றார். கண்கள் மட்டும் அன்புராசாவின் வாயில் இருந்தன.

கோபப்பட்டால் கஸ்பருக்கு விளங்கிவிடும். பேசாமல் நின்றாலும் விளங்கிவிடும்.

“சும்மா ஒரு கதைக்குச் சொன்னதடா. அப்பிடி ஒருத்தரும் இல்லை” என்று சொல்லி, அன்புராசா அவனோடு சேர்ந்து சிரித்தார்.