கொயில் விற்க மறுத்தவர்

மின்சிகரெட் என் கணவரைக் காப்பாற்றிவிடும் என்று 2009இல் எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம். புகைத்துப் புகைத்து நுரையீரல் பழுதாகி, மருத்துவர்கள் கைவிரித்த பிறகும் நம்பினோம்.

மனோர் பார்க் கடைத்தெருவில் கைத்தொலைபேசி திருத்தும் கடைக்காரர் ஒருவர் அதை விற்றார். மெலிந்த உடல், கோடையிலும் கழுத்தைச் சுற்றிய கம்பளி மஃப்ளர். எந்தப் பற்றரியையும், உறையில் கிழிசல் உண்டா என்று நகத்தால் தடவிப் பார்த்த பின்பே கையில் தருவார்.

ஒருநாள் என் கணவர் சட்டைப்பையிலிருந்து மேலதிகப் பற்றரியை எடுத்தபோது, பித்தளைத் திருநீற்றுச் சிமிழும் கூடவே வந்தது. கடைக்காரர் பதறிவிட்டார்.

"அண்ணை, பித்தளை ரெண்டு முனையிலயும் பட்டால் பொக்கற்றுக்குள்ளயே நெருப்புப் பிடிக்கும். பிறகு உடம்பெல்லாம் திருநீறுதான்."

பற்றரியைச் சிறிய பிளாஸ்டிக் பெட்டியில் இட்டுத் தந்தார். கணவர் மின்சிகரெட்டைத் திறந்து, சூடேறிப் புகை எழுப்பும் கம்பிச்சுருளான கொயிலைக் காட்டினார்.

"புகை காணாது, இன்னும் வேணும். ரெசிஸ்டன்ஸ் குறைஞ்ச கொயில் ஒண்டு தாரும்."

"ஏலாது அண்ணை. ரெசிஸ்டன்ஸ் குறையக் குறையக் கொயில் கூடக் கரண்ட் இழுக்கும். இந்தப் பற்றரி தாங்காது, வெடிச்சிடும்."

"வெடிக்கட்டுமே. நான் எப்பிடியும் போற ஆள்தானே."

கடைக்காரர் என்னை ஒருமுறை பார்த்தார்.

"ஓம், நீங்கள் போவியள். பக்கத்தில படுக்கிற அக்கா என்ன பாவம் செய்தவ?"

கணவர் அந்தக் கொயிலை மறுபடி கேட்கவில்லை. பேருந்தில் வீடு வரும்வரை என் கையைப் பற்றியிருந்தார். தை பிறக்குமுன் இறந்துபோனார்.

எங்களில் எவரும் சொல்லத் துணியாததை அந்த மனிதர் அவ்வளவு இலகுவாக ஒப்புக்கொண்டது கொடுமையா, கருணையா என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. அவரால் நெருப்புப் பிடிக்காத எங்கள் வீட்டில் இப்போதும் நான் இருக்கிறேன்.