மதினிக்கு அனுப்பிய ஆங்கிலச் சொல்

மதினியின் கணவர் மௌத்தான மரணச் செய்தி வந்தபோது நான் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். பிறந்து நாற்பது நாள் முடியாத பிள்ளையோடு, உடல் கிடக்கும் மையத்து வீட்டுக்குப் போகக்கூடாது என்று உம்மா வாசலை மறித்து நின்றார். என் கணவர் மட்டும் மருதமுனையில் இருக்கும் தன் அக்காவான மதினியிடம் ஓடினார்.

என் பிரசவத்தின்போது ஆஸ்பத்திரியில் என்னைவிட்டு அசையாதவர் மதினி. அவருக்கு என்ன எழுதுவது? 'இன்னா லில்லாஹி' என்று, இறப்புக்குச் சொல்லும் வாசகத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் போட்டுவிட்டார்கள். 'ஆழ்ந்த அனுதாபங்கள்' என்றால் சந்தியில் கட்டும் பதாகை மாதிரி இருந்தது. கடைசியில் 'ஹார்ட்ஃபெல்ட் கொண்டோலன்சஸ்' என்று ஆங்கிலத்தில் அனுப்பினேன். பார்த்துவிட்டார். பதில் இல்லை.

அதன்பிறகு தன் தம்பியான என் கணவரோடு போனில் கதைப்பார், பிள்ளையை விசாரிப்பார். நான் போனை வாங்கினால் வைத்துவிடுவார். அவரை இழந்துவிட்டேனோ என்று தோன்றியது. சொல் பிழையோ என்று அகராதியைப் பார்த்தேன். 'ஹார்ட்ஃபெல்ட்' என்பது இதயம், உணர்ந்தது என்ற இரண்டு பழைய ஆங்கிலச் சொற்களைச் சேர்த்தது. முன்பெல்லாம் நடுவில் சிறு கோடு போட்டு எழுதுவார்களாம். வாயளவில் நில்லாமல் இதயத்தில் உணர்ந்தது என்று பொருள். சொல்லில் பிழை இல்லை. அதை அனுப்பும்போது நான் எதை உணர்ந்தேன்?

நாற்பது முடிந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனேன். கணவரை இழந்தவர் வெளியே வராமல் இருக்கும் இத்தாவில், வெள்ளை உடுத்து, உள்ளறைப் பாயில் இருந்தார் மதினி.

"வாங்க இங்கிலீஸ் டீச்சர்," என்றார். "ஒனக்கு அழுகையும் இங்கிலீசிலதான் வருமா?"

"என்ன எழுதுறெண்டு தெரியல்ல மதினி."

"அந்த நேரம் மனசில என்ன இருந்திச்சி? அதச் சொல்லு."

பொய் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. இவரிடம் அது எடுபடாது.

"பயந்தன். என்ட மாப்பிளைக்கும் இப்பிடி வந்தா இந்தப் புள்ளயோட என்ன செய்வனெண்டு. ஒங்கட நினப்பு பொறகுதான் வந்திச்சி."

மதினி எழுந்து போகச் சொல்வார் என்றே நினைத்தேன்.

"மையத்தத் தூக்குற நேரம் நானும் அதத்தான் நினச்சன். இனி நான் என்ன செய்யிறெண்டு. அவர நினக்கல்ல. ஆருக்கிட்டச் சொல்ற?"

பாயில் நகர்ந்து இடம் விட்டார்.

"இரி. புள்ளயத் தா."